மூன்றா, எட்டா

பிடரியை ஒதுக்கினால் இடது கழுத்தில்
சூடு போட்ட எண் தெரியும்.
கடைசி இலக்கம் மூன்றாக இருக்கலாம்,
எட்டாகவும் இருக்கலாம்.
தோல் வளர்ந்து, மயிர் மூடி
இருபது வருஷமாய் மழுப்புகிறது.

என் பிழைப்பு ரெசிடென்சி ரோட்டில்,
காப்பீட்டு அலுவலகம், மூன்றாம் மாடி.
இறந்தவர் இறந்தாரா
எரிந்த கடை எரிந்ததா என்று
தாள் தாளாய்ப் பார்ப்பது வேலை.
ஐந்தரைக்குமேல்
இரண்டு பஸ் மாறி ஹெசரகட்டா வந்து
இவன் குளம்பைச் சுரண்டுவது
வேலை இல்லை.

வாங்கிய அன்று கைக்கு வந்தவை
ஒரு கடிவாளம், ஒரு பெயர்.
ராஜா என்றார் லாயக்காரர்.
அங்கே நின்ற ஏழுமே ராஜாதான்.

தாள் இல்லாததால் உடம்பை விசாரித்தேன்.
பல்லைப் பார்த்த டாக்டர் நஸ்ரீன்
"இருபத்திரண்டு, மேலேயும் இருக்கும்" என்றாள்.
முன்னங்கால் தசைநாரில் பழைய வீக்கம்.
எதிர்க்கடை ஷட்டர் சடாரென்று ஏறினால்
காது மடங்கி, தொடை இறுகி
எந்தக் கதவோ திறக்கப்போவதாய்
நிற்கிறான்.
அது பந்தயத் திடல், சரி.
ஆனால் பேண்டு வாத்தியம் கேட்டால்
அசையாமல், கழுத்தைத் தாழ்த்தி
யாரோ ஏறி முடிக்கும்வரை பொறுக்கிறானே,
அது எந்த ரேஸில்?

சிவாஜிநகரில் மூன்று ஞாயிறு அலைந்தேன்.
கல்யாணக் குதிரை விடும் இம்தியாஸ்
என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி
"நம்ம பாதுஷா! பட்டாசுக்குப் பயப்படாது,
மாப்பிள்ளைங்கதான் நடுங்குவாங்க" என்றார்.
எங்கே வாங்கினீர்கள்?
"ராத்திரி லாரியில வந்துச்சு.
காகிதம் கேக்காதேன்னு பாதி விலை."

ஆஸ்டின் டவுன் மரியதாஸ்
முப்பது வருஷம் பந்தயக் குதிரை தேய்த்தவர்.
டிவியைப் பார்த்தபடியே சொன்னார்:
"மூணுன்னா அது பொட்டை.
எட்டுன்னா லேட் மெயில். பேருக்கு ஏத்தாப்ல
கடைசித் திருப்பத்துலதான் கிளம்பும்.
ஊட்டியில வயித்து வலி வந்து
செத்துப்போச்சுன்னாங்க."
படத்தைக் காட்டினேன்.
டிவியை நிறுத்தினார்.
நெடுநேரம் கழித்து
"வெல்லம் எந்தக் கையில குடுத்தா வாங்குது?"
இடது கையில் மட்டும்.
"எனக்கு வலது கைல ரெண்டு விரல் இல்லை"
என்று விரித்துக் காட்டினார்.

ஊட்டி, வயிற்று வலி, பதினேழு வருஷம்.
எங்கள் அலுவலகத்து அடித்தளத்திலேயே
இருந்தது அந்தக் கோப்பு.
ஆண்குதிரை, எண் எட்டில் முடிவது,
மரணம், புதைத்த இடம், சாட்சி இருவர்,
தொகை வழங்கலாம் எனப் பச்சை மையில் கையெழுத்து.
கையெழுத்துக்காரரின் ஓய்வு விருந்தில்
நான் இரண்டு ஜாங்கிரி தின்றிருக்கிறேன்.

செத்தவன் அதற்குள்
நானூறு மாப்பிள்ளைகளைச் சுமந்துவிட்டான்.

மேலே எழுதலாம். எழுதினால்
இவனையும் சாட்சியாய்க் கட்டி
ஏதோ ஒரு வாசலில் நிறுத்துவார்கள்.
தூசி தட்டி, நாடா கட்டி
எடுத்த இடுக்கிலேயே செருகினேன்.

அன்று மாலை வேலியோரம் நின்று
லேட் மெயில் என்று கூப்பிட்டேன்.
புல்லிலிருந்து தலை எடுக்கவில்லை.
பாதுஷா என்றேன். வாலை ஒருமுறை வீசினான்,
அது ஈக்காகவும் இருக்கலாம்.
பையில் வெல்லத்தாள் சரசரத்ததும் வந்தான்,
நொண்டிக்கொண்டே, அவசரமில்லாமல்.
இடது கையை நீட்டினேன்.

மறுநாள் மேஜையில்
ஒரு விதவையின் தாள்கள்.
மருத்துவமனை முத்திரை, தேதி, நேரம்,
எல்லாம் சரியாகத்தான் இருந்தன.
சட்டைக் கையில் காய்ந்த பச்சை எச்சிலோடு
மறுபடி முதலிலிருந்து படித்தேன்.