சத்தமாக வாசித்த எண்

விசுவமடுவில், மாசியில், மருத்துவப் பரிசோதனை நாள்.
மண்டப விறாந்தையில் தராசு.
சீமெந்து நிலம் சரிவென்று
பழைய இடாப்பின் மட்டையை மடித்து
ஒரு மூலைக்கு அடியில் நான்தான் செருகினேன்.
ஒவ்வொருத்தராய் ஏறச் சொன்னேன்.
எழுதுகிறவருக்குக் கேட்கட்டும் என்று
உரத்து வாசித்தேன்.

நிதுர்சனாவின் எண்ணையும் வாசித்தேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
ஒருதடவை சொன்னது போதும்.

"லொறி நிறுக்கிற தராசைக் கொண்டு வாங்கோ ரீச்சர்"
என்றான் வரிசையில் ஒரு பெடியன்.
சிரித்தார்கள்.
நானும்,
மறைக்க என்ன இருக்கு,
உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மனையியல் படிப்பிக்கிறவள் நான்.
மாப்பொருள், புரதம், கொழுப்பு என்று
நிறச் சோக்கால் கரும்பலகையில் தட்டு வரைகிறவள்.
அடுத்த மாதம் அவளுடைய கொப்பியில்
அந்தத் தட்டு வெறும் வட்டமாய் இருந்தது.
"முடிக்கேல்லையோ?"
"முடிச்சிட்டன் ரீச்சர்."
சரி போட்டேன்.
வடிவான வட்டம்.

அவள் தாய் தவமலர்
விடிய மூன்று மணிக்கு இடியப்பம் பிழிந்து
தருமபுரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ.
இருநூறு, சில நாள் இருநூற்றைம்பது.
எண்ணி அடுக்குவது மகளின் வேலை.
ஆவிக்குள் நின்று, மா மணக்க மணக்க எண்ணி,
ஒன்றும் வாயில் வைக்காமல்
பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள்
நாலைந்து மாதம்.
மதியச் சோறு பின்மதில் நாய்க்கு.
அந்த நாய் கொழுத்ததைப்
பள்ளிக்கூடம் முழுக்கக் கண்டது.

ஆடியில் ஒரு காலைக் கூட்டம்.
தேவாரம் முடியுமுன் விழுந்தாள்.
தூக்கினேன்.
என்னால் தனியத் தூக்க முடிந்தது.
அதுதான் பயம்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
மனநலப் பிரிவென்ற பலகைக்குக் கீழே இருக்கக் கூசி
தவமலர் தள்ளி நின்றா.
"பட்டினி எனக்குத் தெரியும் ரீச்சர்.
இவள் வயித்துக்குள்ள, நான் கஞ்சி வரிசையில.
சட்டியை முன்னால வைச்சுப்போட்டுப்
பட்டினி கிடக்கிற வருத்தம்
எந்த ஊரில இருக்கு?"
டொக்டர் பிள்ளை மெதுவாய்ச் சொன்னா:
"அம்மா, இது அடம் இல்லை. வருத்தம்தான்."
எப்ப தொடங்கினது எண்டு
தவமலர் என்னைப் பார்த்துக் கேட்டா.
மாசியில் என்று சொல்ல
எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

இன்னொன்று.
ஒரு சனிக்கிழமை, ஒருத்தரும் இல்லாத நேரம்,
பசளைக் கடைப் பெடியனைக் கூப்பிட்டு
ஐம்பது கிலோ மூட்டையொன்றைத்
தராசில் வைக்கச் சொன்னேன்.
ஐம்பத்திரண்டு காட்டியது.
மட்டையோ, தராசோ, தெரியாது.
விறாந்தையில் குந்தியிருந்து அழுதேன்.
பிறகு நிறுத்தினேன்.
அது சரியான எண்ணாய் இருந்திருந்தாலும்
உரத்து வாசிக்க
அது என்னுடைய எண் இல்லை.

இப்ப ஐப்பசி மழை.
நிதுர்சனா திரும்பி வந்திருக்கிறாள்.
கிழமைக்கு ஒருக்கால் கிளினிக்.
தராசுக்கு முதுகைக் காட்டி ஏறுகிறாளாம்.
நேர்ஸ் வாய் திறக்கிறதில்லையாம்.

இடைவேளையில் என் மேசைக்கு வந்து
பார்சலை அவிழ்க்கிறாள்.
மூன்று இடியப்பம். சொதி தனியாய்ப் பையில்.
இப்பவும் எண்ணுகிறாள், உதடு அசைகிறது.
ஒன்று முடிய மணி அடித்துவிடுகிறது.
இரண்டாவதைப் பிய்த்துக்கொண்டு
வெளியே போகிறாள்.

நான் கொப்பி திருத்துகிறேன்.
யன்னலால் எட்டிப் பார்க்கத்
தலை தன்பாட்டில் திரும்புகிறது.
திரும்பாமல் இருக்கப் பழகுகிறேன்.
பின்மதிலடியில் நாய் குரைக்கிறது.
பசிக்குரலாய் இருக்கட்டும்.