கடைமடை

இரண்டு கோடிப் பேர் தலைமடையில்.
நான் கடைமடையில், ஒரு துருச்சக்கரத்தோடு.
இரவெல்லாம் மலைக்கடியில் குகைவழி நடந்து
மெக்சிகோ நகரம்
விடியுமுன் என் மதகில் வந்து முட்டும்.

எனக்குக் கிழமை தெரிய நாட்காட்டி வேண்டாம்.
ஆள் உயர நுரை வந்தால்
நேற்று அங்கே ஞாயிறு, துணி துவைத்திருக்கிறார்கள்.
கத்தரிப்பூ நிறத்தில் வந்தால்
எந்தச் சாயப்பட்டறையோ
யாருக்கும் தெரியாமல் தொட்டியைக் கவிழ்த்திருக்கிறது.
ஒருமுறை கால்பந்து இறுதியாட்டம்.
இடைவேளையில் ஊரே எழுந்து கழிப்பறைக்குப் போன சேதி
ஒன்பது மணி நேரம் கழித்து
இங்கே ஒரு முழம் ஏறியது.

அந்தக் கறுப்புத் தண்ணீரைத்தான்
எங்கள் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு
தலைமுறை தலைமுறையாய்க் குடித்தது.
கள்ளியும் கல்லும் விளைந்த மண்ணில்
மக்காச்சோளம்
கோவேறு கழுதையின் காதுக்கு மேலே நின்றது.
ஒரு மூட்டை உரம் வாங்கியவர் இங்கே கிடையாது.
பிள்ளைகள் வயிற்றில் பூச்சியும் கிடையாது என்று
சொல்ல ஆசைதான்.
பதினைந்து வயதிலிருந்து என் கெண்டைக்காலில் ஒரு புண்,
மழைக்காலத்தில் மலர்ந்து கோடையில் கூம்பும்.

பிறகு மேட்டில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.
வட்ட வட்டத் தொட்டிகள், அடியிலிருந்து குமிழும் காற்று.
சோதனைக்கூடத்து மரிசெலா
கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுக் கசடை வைத்து
"பார், எர்மெலிந்தா" என்றாள்.
தண்டின் நுனியில் மணிபோல ஓர் உயிர்
வாயைத் திறந்து நகரத்தைத் தின்றுகொண்டிருந்தது.
மேசையைத் தட்டினால் சுருண்டது.
உடனே மறுபடி பசி.
"காற்று கொடுத்தால் போதும், கூலி கேட்காது."
"இதை எங்கள் பாசனச் சங்கத்தில் சொல்லிவிடாதே" என்றேன்.

தெளிந்த தண்ணீர் இறங்கிய முதல் நாள்
முப்பத்தோரு வருஷம் ஏற்றி இறக்கிய பலகையின்
அடிப்பக்கத்தைப் பார்த்தேன்.
ஆணியால் யாரோ கீறியிருந்தார்கள்:
ஃபிடென்சியோ பாக்கி, ஆறு சுமை குதிரைமசால்.
எந்தக் காலத்து ஃபிடென்சியோ என்று ஊரே சிரித்தது.
பக்கத்து நிலத்து ஃபிடென்சியோ மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் சோளம் மஞ்சளானது,
அடியிலையிலிருந்து மெல்ல மேலே.
மரிசெலாவின் தாளில்
லிட்டருக்குப் புழுமுட்டை: ஒன்றுகூட இல்லை.
ஃபிடென்சியோவின் கையில்
அந்தத் தாளைப் போலவே வெளுத்த ஓர் இலை.
இரண்டும் பொய் சொல்லவில்லை.
கசடையாவது கொடு, நிலத்தில் கொட்டுகிறோம் என்றோம்.
கத்தரிப்பூ நிறமெல்லாம்
அதில்தான் படிந்திருக்கிறது என்றாள்.
குரோமியம், ஈயம், இன்னும் வாயில் நுழையாத ஏதோ.
எல்லாவற்றுக்கும் அளவு எழுதியிருந்தது.
கவிழ்த்தவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

என் புண் ஆறிவிட்டது.
சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.
பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய வாய்க்காலின் பக்கமதகுச் சாவி
இன்னும் என் இடுப்பில்.
நகரம் அதன் பின்னால் கறுப்பாகவே நிற்கிறது.
நேற்று விடியலில் ஃபிடென்சியோ வந்தார்,
கக்கத்தில் ஒரு செங்கோழி.
"ஒரு மணி நேரம் போதும்.
கதிர் பால் பிடிக்கிற சமயம்."
நான் பதில் சொல்வதற்குள் கோழி திமிறிக் குதித்து
வாய்க்கால் ஓரம் போய்க் குடித்தது,
அண்ணாந்தது,
மறுபடி குனிந்து குடித்தது.
அதன் அலகு நனைந்த இடத்தில் அடிமணல் தெரிந்தது.
அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அரைச்சுற்று திறந்தேன்.
அரைச்சுற்றுதான்.

அதற்கு முன்னால் இருவருமாக
கோழியைப் பிடித்துக்
கரைமேல் ஏற்றிக் கட்டினோம்.