ஏறத்தாழ

நவம்பர். கிருனாவில் இரண்டரைக்கே இருட்டிவிட்டது.
ஐலி நீமெலா காபியை மறந்துவிட்டு
நான்கு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்:
சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு.
ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரே காந்தப்புலத்தில் மிதக்கும் நான்கு விண்கலங்கள்
ஆளுக்கொரு சேதி சொல்கின்றன.

சிவப்பில் பன்னிரண்டு நானோடெஸ்லா.
கறுப்பில் பன்னிரண்டே கால்.
அந்தக் காலில்தான் எல்லாம் இருக்கிறது:
எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம்,
மின்னோட்டம் எங்கே புகுந்து எங்கே போகிறது.
அதே காலுக்குள்தான்
கருவியின் பிழையும் குடியிருக்கிறது,
வாடகை தராமல்.

நாலு பேர் சொன்னால் நம்பலாம் என்பார்கள்.
நாலு பேரும் நாலு மூலையில் நின்றால் நம்பலாம்.
இன்று மாலை நான்கும்
கிட்டத்தட்ட ஒரே தளத்தில் வந்து படுத்துவிட்டன.
அப்பளமாகிப் போன நான்முகி.
நீளவாக்கில் கேட்டால் தெளிவாகப் பதில் வருகிறது.
செங்குத்தாக என்ன என்றால்
அங்கே போய்ப் பார்த்தவர் யாருமில்லை.
கணக்கோ கூசாமல் ஓர் எண்ணைத் தருகிறது.
பெரிய எண். அழகான எண்.

ஐலி இன்னொன்றும் பார்க்கிறாள்.
காந்தப்புலத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும்
நேராக வேண்டும்.
நேராகவில்லை.

சுரங்கத்திலிருந்து யோவ்னா அழைக்கிறான்.
அடியில் இரும்பை எடுக்க எடுக்கத் தரை சரிகிற ஊர்,
வீடுகளை லாரியில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோகிறார்கள்.
அளவுக்கம்பிகளைப் பார்த்துவருவது அவன் வேலை.
"பள்ளிக்கூடத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறதென்று
கேட்கிறார்கள். என்னிடம் மூன்று கம்பிதான்.
மூன்றும் ஒரே வேலியோரம்."
"என்ன சொன்னாய்?"
"வேலிக்கு அந்தப் பக்கம் தெரியாது என்றேன்.
கோபித்துக்கொண்டார்கள்."

சிரித்துவிட்டு வைக்கிறாள்.
ஏழு என்று தட்டுகிறாள்.
கூட்டல் கழித்தல் குறி போட்டுப்
பதினொன்று என்று தட்டுகிறாள்.
நாளை உப்சாலாவிலிருந்து ஹால்வார்ட் கேட்பான்:
விடையைவிடப் பிழை பெரிதா?
இதற்கு ஒரு வரைபடமா?

அவளுக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்தால் அவளுக்கு ஒரு சொல் கொடுப்பேன்,
ஏறவும் கூடும் தாழவும் கூடும் என்பதை
ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளும் சொல்.
சரிவும் அதற்குள், சந்தேகமும் அதற்குள்.

விளக்கை அணைத்து வெளியே வருகிறாள்.
வண்டி நிற்குமிடம் முழுக்கக் கண்ணாடிப் பனி.
கால் வைக்கிறாள்,
நிற்கிறாள்,
கொஞ்சம் தள்ளி
மறு காலை வைத்துப் பார்க்கிறாள்.