நிற்கட்டும்

பனியில் ஒரு துளி இல்லை.
கோப் கணவாய் ஏற்றத்தில், விடிகாலை மூன்றரைக்கு,
பனி அள்ளும் வண்டி நின்றது:
விளக்குகள் எரிய, அலகு தரையில் பதிய,
இன்ஜின் உறுமிக்கொண்டே.
ஓட்டுநர் படியில் சரிந்து
இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்தியிருந்தார்,
உள்ளிருந்து யாரோ தள்ளும் கதவை
அடைத்துப் பிடிப்பவர்போல.

அடிபடவில்லை. வழுக்கவில்லை.
எர்சுரும் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் சொன்னது:
சிறுநீரகத்தைச் சுற்றி இரண்டு லிட்டர்.
தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

குலிசார், அவர் மனைவி, நடைவழியில்
கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்:
"ரெண்டு மாசமா காய்ச்சல்.
பெல்ட்டில் மூணு ஓட்டை புதுசா போட்டேன்.
வலது செருப்பு வாசலிலேயே கிடக்கும்,
கழன்றது தெரியாமல் உள்ளே வந்துவிடுவார்.
குளிர் என்றார்கள். வாதம் என்றார்கள்.
நாற்பத்து நாலு வயசுக்கு
வயசு என்றும் சொன்னார்கள்."

நான் ஆஞ்சியோ அறையின் இரவு டெக்னீஷியன்.
எனக்கு ஏழு கிலோ ஈயக் கவசம்.
அவருக்கு ஒரு பச்சைத் துணி.

தொடை வழியே கம்பி ஏறியது, சாயம் பாய்ந்தது.
திரையில் தமனி கிளைத்தது
இலை கொட்டிய மரமாக.
கிளை நுனிகளில்,
இந்தப் பிப்ரவரியில்,
மொட்டுகள்.
பதினொன்று எண்ணினேன்.
ஒன்று வெடித்திருந்தது.

கிருமி இல்லை, கத்தி இல்லை.
வேலியே மேய்ந்திருக்கிறது.

டாக்டர் நெவ்சாத்
முடியைவிட மெல்லிய பிளாட்டினச் சுருளை
வெடித்த கிளைக்குள் ஊட்டினார்.
சாயம் இன்னும் கசிந்தது.
இன்னொன்று. இன்னும் கசிந்தது.
அவர் மூச்சுக்குள் முணுமுணுத்தார்:
"துர்சுன்... துர்சுன்..."
எங்கள் மொழியில், நிற்கட்டும் என்று.

துணிக்கு அடியிலிருந்து
பாதி மயக்கத்தில் ஒரு குரல்:
"இங்கேதான் இருக்கேன்."

அப்போதுதான் படிவத்தைப் பார்த்தேன்.
பெயர்: துர்சுன்.
முன்னே பிறந்தவை தங்காத வீட்டில்
அடுத்ததற்கு வைக்கும் பெயர்.
இதாவது நிற்கட்டும்.

டாக்டர் சிரிக்கவில்லை.
ஆனால் அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை,
சத்தமாகவே சொன்னார்.
மூன்றாவது சுருளில் கசிவு நின்றது.
நாங்கள் ஐந்து நிமிடம் திரையை விட்டு நகரவில்லை.

மீதிப் பத்து அப்படியே இருக்கின்றன.
ஸ்டீராய்டு ஏறுகிறது சொட்டுச் சொட்டாக.
சில சுருங்கும் என்கிறார்கள்.
எவை என்று சொல்வதில்லை.

காலையில் அவர் கேட்டது ஒன்றே:
"இன்ஜினை யாராவது அணைத்தீர்களா?"

இல்லை. வேறொருவர் ஏறி உட்கார்ந்து
மீதிச் சாலையைப் பைபுர்ட் வரை
அள்ளிக்கொண்டே போய்விட்டாராம்.