இந்த வாரம் யார்

ஏழாவது கோல் வலைக்குள் விழுந்தபோது
பீர் முகைதீன் எழுந்து நின்று
செருப்பைக் கழற்றினார்.
எறியவில்லை.
உள்ளே ஏறிய மணலைத் தட்டிவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
சோஹார் வந்து பதினாறு வருஷம்.
கோபத்தைக்கூட வீணாக்காத மனுஷன்.

வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் நாலு பேர்
சங்கிலியின் பிக்கப்பில்,
பழைய ஏசி கம்ப்ரசருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
முட்டி மடக்கி உட்கார்ந்து வருகிறோம்,
தோற்பதைப் பார்க்க.
ஒன்பது ஆட்டம், ஒரு புள்ளி.
அந்தப் புள்ளியும்
மைதானத்து விளக்கு அணைந்து ஆட்டம் நின்றுபோனதால்.

முன்வரிசையைச் சொல்லவே வேண்டாம்.
பந்து ஒரு திசை, மட்டை ஒரு திசை,
சென்டர் ஃபார்வர்டு
சிக்னல் கிடைக்காத போனைப் பிடித்தவன்போல
ஆகாயம் பார்த்து நிற்பான்.
அதையெல்லாம் பொறுத்தோம்.
பொறுக்க முடியாதது கோல்கீப்பர் விவகாரம்.

ஒரு வாரம் ஜெபஸ்டின்.
மறு வாரம் காசிராஜன்.
காசிராஜன் மூணு பெனால்டி கார்னரைக்
காலாலேயே உதைத்து வெளியே அனுப்பிய ராத்திரிக்கு
அடுத்த வெள்ளி
அவன் பெஞ்சில்கூட இல்லை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜெபஸ்டின் நிற்கிறான்.
அவன் நாலைத் தடுத்துத் தேறி வந்தால்
உடனே காசிராஜன், அதே கண் கசக்கலோடு.
ஆவி வரும் நேரம் பார்த்து
இட்லிச் சட்டியை இறக்கி வைக்கிற ஆளை
எந்தச் சமையல்கட்டில் சேர்ப்பார்கள்?

கோச் மெனெசஸைக் கேட்டால்
'ரொட்டேஷன்' என்பார்,
எந்த வலிக்கும் டாக்டர்
'கேஸ்' என்று சொல்வதுபோல.
அதற்குமேல் கேள்வி கிடையாது.

ஏழு ஒன்று தோற்ற அன்றைக்கு
நேரே கேட்டுவிடுவதென்று
நான் உருக்காலைக் கேம்ப்புக்கே போனேன்.
வசவை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன்.
பதினாலாம் நம்பர் அறை.
ஜெபஸ்டின் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறான்.
ஆணியில் கால்கவசம் சொட்டுகிறது.
ஒரே ஒரு ஜோடி.
ஹெல்மெட்டின் உள்பட்டையில்
பேனாவால் எழுதிய ரெண்டு பெயர்.
கீழே ஒரு கட்டில்.
அதற்கும் ரெண்டு பெயர்தானாம்:
பகல் டூட்டிக்காரன் ராத்திரி படுப்பான்,
ராத்திரிக்காரன் பகலில்.
வாரம் ஒருமுறை மாறும்.

கதவின் உள்பக்கம் டூட்டி ஷீட் ஒட்டியிருந்தது.
விரல் வைத்துப் பார்த்தேன்.
எங்கள் ஒன்பது ஆட்டமும் அதில் இருந்தது,
சிவப்பிலும் நீலத்திலும்.
அணியைத் தேர்ந்தெடுத்தது மெனெசஸ் அல்ல,
ஹாக்கி மட்டையைக் கண்ணால் பார்த்திராத
ஒரு ஃபோர்மேன்.

"டீ குடிக்கிறியாண்ணே?" என்றான்.
குடித்தேன்.
கோத்து வைத்த வசவில்
ஒன்றுகூட எடுப்பாக இல்லை.

அதனால் கோல் குறைந்துவிடாது என்றான் சங்கிலி.
நியாயம்தான்.
திரும்பும் வழியில் ஜாதகம் பார்ப்பதுபோல
அந்த ஷீட்டைப் போட்டோவில் பெரிதாக்கிப் பெரிதாக்கி
கடைசி ஆட்டம் யார் தலையில் என்று எண்ணினோம்.
காசிராஜனுக்கு அன்றைக்கு நைட்.
பீர் முகைதீன் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வெள்ளி வண்டியில் மூணு பேர்தான்.
வலையில் காசிராஜன்,
தொடர்ந்து ரெண்டாவது வாரமாக.
பீர் முகைதீன் ஃபோர்மேனிடம் என்ன பேசினாரோ,
தன் லீவு ராத்திரியை
அங்கே உலைச் சூட்டில் நின்று கழித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து போன் போட்டேன்.
பின்னால் இரும்பு இரைகிற சத்தம்.
"ரெண்டு மூணு, பாய். தோத்துட்டோம்."
"மூணுதானா?"
"மூணுதான்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது.
பிறகு, பதினாறு வருஷத்தில்
நான் கேட்டிராத உரத்த குரலில்,
"ஏலே, அந்த மூணாவத எப்படில விட்டான்
அந்தப் பய?"