சோதனை ஊசி

ஒஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்,
பத்தொன்பது வருடமாக.
எந்தத் தண்டவாள இணைப்பில் வண்டி துள்ளும் என்று
கண்ணை மூடினாலும் என் இடுப்புக்குத் தெரியும்.
துள்ளினால் ஒரு சுரீர்,
வலது புட்டம் வழியாக இறங்கித்
தொடையில் உட்கார்ந்துகொள்ளும்.
டிக்கெட் இல்லாத பயணி.

குப்புறப் படுத்திருக்கிறேன், வயிற்றுக்கடியில் தலையணை.
டாக்டர் வோண்ட்ராச்செக் எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பேசுகிறார்,
என்னோடு அல்ல, என் நாலாவது எலும்போடு.
இன்றைக்குச் சோதனை மட்டும்தான்.
மரத்துப்போகும் மருந்து, ஆறு மணி நேரம் நிற்கும்.
எதைச் செய்தால் வலிக்குமோ
அதையெல்லாம் செய்யுங்கள்.
பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள்.

வீட்டில் யாருமில்லை.
கட்டிலுக்கடியில் குனிந்தேன்:
மூன்று வருடத் தூசி, ஒற்றைத் தோடு,
லுபோஷ் என்னைத் திட்டித் திட்டித் தேடிய சாவி.
பூஜ்யம்.
குளியல் தொட்டியைத் தேய்த்தேன். பூஜ்யம்.
உருளைக்கிழங்கு மூட்டையோடு மூன்று மாடி. ஒன்று,
அதுவும் முழங்கால்.
பிறகு சமையலறையில் சும்மா நின்றேன்.
வாடகைக்கு இருந்தவன் சொல்லாமல் காலி செய்த அறைபோல
இருந்தது முதுகு.

நாலரைக்கு அவன் வந்தான்.
ரொட்டி வாங்கப் போகலாமா என்றேன்.
வழக்கம்போல் மண்டியிட்டு
என் ஷூ கயிற்றை எடுத்தான்.
உச்சியில் முடி கொட்டியிருக்கிறது,
மேலிருந்து பார்க்கும் எனக்கு மட்டும் தெரிந்த வட்டம்.
நானே கட்டுவேன் என்று வாய் வரை வந்தது.
காலை நீட்டினேன்.
அந்தக் கட்டத்தில் மட்டும்
எண் எதுவும் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து நிஜ ஊசி.
முதலில் மெல்லிய மின்சாரம்: கால் துடிக்கிறதா? இல்லை.
முதுகு? ஆமாம், குருவி உள்ளே இருப்பதுபோல்.
சரியான இடம் என்றார்.
எண்பது டிகிரி, தொண்ணூறு விநாடி,
டீகூடக் கொதிக்காத சூடு.
நரம்பு மறுபடி முளைக்கும் என்றாள் நர்ஸ் ராத்கா,
சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு முன்னாடியே,
அப்போது வாருங்கள்.
தண்டவாளம் மாற்றும் ஆட்களும்
இதையேதான் சொல்வார்கள்.

முதல் பத்து நாள் வெயிலில் காய்ந்த தோல்போல் எரிச்சல்.
அப்புறம் ஒரு வியாழக்கிழமை,
மேம்பாலத்து இணைப்பில் வண்டி துள்ளியது,
நான் துள்ளவில்லை.

இன்று காலை ஷூவை நானே கட்டினேன்.
ஒற்றை முடிச்சு, கொஞ்சம் கோணல்.
லுபோஷ் கோட்டு மாட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் பேசாமல் குனிந்தான்,
அவிழ்த்தான்,
இரட்டையாகப் போட்டான்.