வியாழக்கிழமை அரைக் கிலோ

கோபாபிஸில் மழை பெய்தால் அது செய்தி.
மற்ற நாளெல்லாம் காற்றுதான்.
கொக்கியில் தொங்கும் மாட்டுத்தொடைக் கீற்றுகளைத்
தீ இல்லாமல், அவசரம் இல்லாமல்
ஐந்தாறு நாளில் கறுப்பாக்கித் தரும்.
பில்டாங் என்று பெயர்.
கல்லாவில் நான், மாக்ரீத்தா.

முன்பு வந்தவர்கள் கேட்டது இவ்வளவுதான்:
ஈரமா, காய்ந்ததா, கொழுப்போடா.
இப்போது வாய்க்கு முன்னால் கண்ணாடி வருகிறது.
"இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள்?"

டீச்சர் நெலாவின் மகனுக்குக் கோதுமை ஆகாது.
இறைச்சியில் ஏது கோதுமை என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
மசாலாப் பையைத் திருப்பி எறும்பெழுத்தைப் படித்தாள்:
கட்டி தட்டாமலிருக்கக் கோதுமை மாவு.
வினிகர் பாட்டிலைப் படித்தாள்: பார்லி.
பதினோரு வருஷம் என் கையால் கலந்ததை
அன்றுதான் நானும் வாசித்தேன்.

பாதிரியாருக்குச் சர்க்கரை.
பழுப்புச் சர்க்கரை ஒரு கை என்றேன்.
எவ்வளவு பெரிய கை என்றார்.
உள்ளே எலும்பு அறுத்துக்கொண்டிருந்த
முதலாளியைக் கூப்பிட்டு, கையை விரிக்கச் சொன்னேன்.
பார்த்தார். "கர்த்தர் ஆசீர்வதிப்பாராக" என்று
வெறுங்கையோடு போனார்.

அப்திராசாக் கத்தியைப் பற்றிக் கேட்டார்:
இதே கத்தியா காட்டுப்பன்றிக்கும்?
ஆமாம்.
உண்மைக்கு நன்றி சொல்லிவிட்டு
ஒரு கோக் வாங்கிக்கொண்டார்.

ஜிம் பையன்களுக்கு எதுவும் பிரச்சினை இல்லை.
அவர்கள் புரதத்தை எண்ணுவார்கள்,
என் தராசை விட வேகமாக.

ஜிப்புகாவைத்தான் சொல்ல வந்தேன்.
வால்விஸ் பேயிலிருந்து உப்பு ஏற்றி
போட்ஸ்வானா எல்லைக்குப் போகும் லாரி.
ஒன்பது வருஷமாக வியாழன்தோறும் அரைக் கிலோ,
கொழுப்போரம் மஞ்சளாக இருக்க வேண்டும்,
விரல் நீளத்துக்கு வெட்டித் தர வேண்டும்.
ஜனவரியில் வந்தார். வாங்கவில்லை.
நான்காக மடித்த ஆஸ்பத்திரித் தாளை
கல்லாக் கண்ணாடிமேல் விரித்தார்.
சிறுநீரகம் இரண்டும் சேர்ந்தும்
ஒன்றின் வேலையைச் செய்யவில்லையாம்.
இறைச்சி: தீப்பெட்டி அளவு.
உப்பு: வேண்டாம்.
அந்த 'வேண்டாம்' கீழே நர்ஸ் இரண்டு கோடு போட்டிருந்தாள்.
"முப்பது டன் ஏற்றி வருகிறேன், மாக்ரீத்தா,
ஒரு சிட்டிகை கூடாதாம்."

ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு தனியாக எடுத்து வைத்தேன்.
வினிகர், மிளகு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி.
உப்பு தொட்ட கையை இரண்டு முறை கழுவினேன்.
கடைசிக் கொக்கியில், யார் கண்ணும் படாமல்.
அந்த வாரம் பார்த்து மழை வந்தது.
நாலாம் நாள் துண்டின் மடிப்பில் பச்சைப் பூஞ்சை,
பூனை ரோமம் போல.
உப்பில்லாப் பண்டம் குப்பைக்குத்தான் போனது.
போகிற வழியில் நாய் முகர்ந்து பார்த்தது,
அதுவும் வேண்டாம் என்றது.

பூஞ்சை பிடிக்காவிட்டாலும் கொடுத்திருக்கக் கூடாது,
பிறகுதான் உறைத்தது.
காயக் காய இறைச்சி சுருங்கும்,
அதன் பாரம் சுருங்காது.
ஒரு கைப்பிடி பில்டாங் என்பது
எத்தனையோ தீப்பெட்டி.

வியாழக்கிழமை அவர் வந்து நின்றார்,
வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில்.
வாங்க எதுவும் இல்லாதவர்
எங்கே நிற்பது என்று தெரியாமல்.
வெட்டும் மெஷினைப் பார்த்தார்.
மூச்சை இழுத்தார்.
"மாட்டுவாடை இல்லை," என்றார் மெதுவாக,
"நான் தேடி வந்தது இதைத்தான் போல,
இந்தக் கொத்தமல்லி."

வாணலியை வைத்தேன்.
விதை வெடித்து நிறம் மாறும் வரை
இருவரும் பேசவில்லை.
அதே பழுப்புக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.
ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.
மற்றதைச் சட்டைப் பையில் வைத்தார்,
மணிக்கு ஒன்று, எல்லை வரைக்கும் என்று கணக்கு.

எடை நாற்பது கிராம்.
பில் மெஷினில் அதற்கு எண் கிடையாது.
'இதர' என்று அடித்தேன்.
வெளியே முப்பது டன் உப்பு
இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது.